4கே வீடியோ எடிட்டிங்கில் திக்குகிறதா? புது கம்ப்யூட்டர் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

4கே புட்டேஜை டைம்லைனில் இறக்கி ஸ்பேஸ்பாரைத் தட்டுகிறீர்கள். ஆடியோ அது பாட்டுக்கு ஓடுகிறது. படம் மட்டும் ஓரிடத்தில் நின்று, அப்புறம் தாவி, மறுபடி நிற்கிறது. யாரிடம் கேட்டாலும் "கிராபிக்ஸ் கார்டை மாத்துங்க" என்பதுதான் முதல் பதில். பெரிய தொகை கொடுத்து கார்டை மாற்றிய பிறகும் அதே கிளிப் அதே இடத்தில் திக்குவதுண்டு. புதிதாக எடிட்டிங்குக்கு வருகிறவர்களுக்குக் கோளாறு பெரும்பாலும் ஃபைலில் இருக்கிறது, மெஷினில் அல்ல. எனவே பணத்தை எடுத்து வைத்துவிட்டு, முதலில் எந்த இடத்தில் இறுக்கம் என்று கண்டுபிடிப்போம்.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். இலவசமாகக் கிடைப்பதால் புதியவர்கள் பலர் அதில்தான் தொடங்குகிறார்கள். அடோபி பிரீமியர் புரோவோ கெடென்லைவோ வைத்திருந்தாலும் விஷயம் ஒன்றுதான். வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். மெனுவின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும், பதற வேண்டாம்.

முதல் வேலை: ஃபைலுக்குள் என்ன இருக்கிறது?

மீடியாஇன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதை நிறுவி, திக்குகிற கிளிப்பை அதில் இழுத்துப் போடுங்கள். நான்கு விவரங்களை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும்: கோடெக், அதாவது வீடியோவை அமுக்கிய முறை, எது (எச்.264-ஆ, எச்.265-ஆ, புரோரெஸ்ஸா), நிறத்துக்கு எத்தனை பிட் (8 அல்லது 10), குரோமா, அதாவது நிற விவரம், எவ்வளவு (4:2:0 அல்லது 4:2:2), ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) என்பது, நிலையானதா மாறிக்கொண்டே இருப்பதா.

இந்த நான்கும் ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

4கே என்று நாம் சொல்லும் படத்தில் 3840 × 2160 புள்ளிகள், அதாவது ஏறக்குறைய 83 லட்சம். ஃபுல் எச்டியைப் போல நான்கு மடங்கு. அமுக்காமல் வைத்தால் ஒரே ஒரு ஃபிரேமுக்கு 25 எம்பி அளவு வேண்டும். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 750 எம்பி. ஆனால் உங்கள் கேமரா நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிவு செய்தால், கார்டில் விழுவது நொடிக்கு வெறும் 12.5 எம்பி. மீதி எங்கே போனது? கேமரா அதை அமுக்கி வைத்திருக்கிறது. நீங்கள் ஸ்பேஸ்பாரைத் தட்டும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அதைப் பிரித்தெடுக்கிறது.

எச்.264, எச்.265 இரண்டும் அமுக்குகிற விதம் பெட்டிக்கடைக் கடன் நோட்டு மாதிரி. எப்போதாவது ஒருநாள் முழுக் கணக்கு எழுதுவார்கள். அடுத்தடுத்த நாட்களில் கூடியது, குறைந்தது மட்டும். இருபதாம் தேதி பாக்கி என்ன என்று கேட்டால், கடைசி முழுக் கணக்கிலிருந்து ஒவ்வொரு வரியாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். வீடியோவிலும் எப்போதாவது ஒரு ஃபிரேம் முழுதாக இருக்கும். நடுவில் உள்ளவற்றில் மாற்றம் மட்டுமே இருக்கும். சில ஃபிரேம்கள் தனக்குப் பின்னால் வரும் ஃபிரேமையும் பார்த்துத்தான் உருவாகும்.

படம் பார்க்கிறவருக்கு இதில் சிக்கல் இல்லை. தொடக்கத்திலிருந்து வரிசையாகத்தானே ஓடுகிறது. அதனால்தான் அதே கிளிப் விஎல்சி பிளேயரில் வெண்ணெயாக ஓடும், எடிட்டிங்கில் முக்கும். எடிட் செய்கிறவர் நடுவில் குதிக்கிறார், பின்னோக்கி ஓட்டுகிறார், மூன்று நொடிக்கு ஒருமுறை வெட்டுகிறார். ஒவ்வொரு வெட்டிலும் கம்ப்யூட்டர் முந்தைய முழு ஃபிரேமைத் தேடிப் போய் அங்கிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும். ஜே விசையை அழுத்திப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள், எந்தக் கிளிப் உங்கள் மெஷினுக்குக் கனம் என்று உடனே தெரிந்துவிடும்.

எச்.265 இன்னும் இறுக்கமாக அமுக்கும். 2003-இல் வந்த எச்.264-ஐ விட 2013-இல் வந்த இது, ஏறக்குறைய அதே தரத்தைப் பாதி அளவில் தர வேண்டும் என்ற நோக்கத்தில் உருவானது. கார்டில் இடம் மிச்சம், கம்ப்யூட்டருக்கு வேலை அதிகம். சோனி கேமராவில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்று வைத்து எடுத்தாலும், ஐபோனில் 'ஹை எஃபிஷியன்சி' என்று வைத்து எடுத்தாலும் வருவது இதுதான். ஐபோன் 4கே 30 ஃபிரேமுக்கு நிமிடத்துக்கு 170 எம்பிதான் ஆகும் என்று செட்டிங்ஸிலேயே எழுதியிருக்கும். அந்தச் சிக்கனத்தின் செலவை எடிட்டிங் மேஜையில் கட்டுகிறோம்.

புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்றவை வேறு ரகம். ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக, முழுதாக இருக்கும். எங்கே குதித்தாலும் அந்த ஃபிரேமை மட்டும் பிரித்தால் போதும். ஃபைல் ஊதிப்போகும், ஆனால் எடிட்டிங் லேசாக நகரும்.

இரண்டாவது: இறுக்கம் எங்கே?

விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போங்கள். அதைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, கலர், எஃபெக்ட் எதுவும் போடாத வெறும் கிளிப்பை ஓட்டுங்கள். ரிசால்வில் வியூவருக்கு மேலே ஃபிரேம் எண்ணிக்கை காட்டும் இடம் இருக்கும்; 25-இல் ஓட வேண்டிய டைம்லைன் 11, 14 என்று காட்டினால் பக்கத்தில் சிவப்புப் புள்ளி எரியும்.

வெறும் கிளிப்பே திக்கி, சிபியு (பிராசசர்) 90, 100 சதவீதத்தைத் தொட்டால் பிரச்சினை கோடெக். ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தில் 'வீடியோ டிகோட்', அதாவது வீடியோவைப் பிரித்தெடுக்கும் வேலை, என்று தனியாக ஒரு வரைபடம் இருக்கும். எச்.264, எச்.265 ஓடும்போது அது அசையாமல் பூஜ்யத்தில் கிடந்தால், கிராபிக்ஸ் சிப்பில் இதற்கென்றே இருக்கும் பகுதி பயன்படவில்லை, சிபியு ஒற்றை ஆளாகச் சுமக்கிறது என்று அர்த்தம்.

வெறும் கிளிப் ஒழுங்காக ஓடி, கலர் போட்டதும் திக்கினால் ஜிபியுதான் திணறுகிறது. 'டிஸ்க்' 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஹார்டுடிஸ்க். 'மெமரி' நிரம்பி, கம்ப்யூட்டரே மந்தமானால் ரேம். இந்த நான்கில் உங்களுடையது எது என்று தெரியாமல் கீழே உள்ள எதையும் செய்யாதீர்கள்; செய்தால் பத்து செட்டிங்கை மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

இங்கே 10 பிட் 4:2:2 பற்றி ஒரு வார்த்தை. கலருக்கு நல்லது என்று யூடியூபில் பார்த்துவிட்டுப் பலர் கேமராவில் இதை வைத்துவிடுகிறார்கள். கலருக்கு நல்லதுதான். ஆனால் எச்.265 10 பிட் 4:2:2-ஐப் பிரிக்கும் சில்லு எல்லா கிராபிக்ஸ் கார்டிலும் கிடையாது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரைக்கும் இல்லை, 50 வரிசையில்தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இன்டெல் 11-ஆம் தலைமுறை லேப்டாப்பில் சிபியுவோடு ஒட்டியே வரும் சாதாரண கிராபிக்ஸில் அது இருக்கிறது. ஆப்பிளின் எம்1-லும் இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் கார்டு திக்குகிற ஃபைல் ஒரு சாதா மேக்புக் ஏரில் ஓடுவதன் ரகசியம் இதுதான்.

மூன்றாவது: ஒரு நிமிடத்தில் மாற்றிப் பார்க்கக்கூடியவை

லேப்டாப்பை சார்ஜரில் போடுங்கள். சிரிக்காதீர்கள், பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் சிபியு, ஜிபியு இரண்டின் வேகத்தையும் பாதியாகக்கூடக் குறைத்துக்கொள்ளும். விண்டோஸில் பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குங்கள். மே மாதத்தில், ஏசி இல்லாத அறையில், மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து எடிட் செய்தால் காற்றுத் துளை அடைபட்டு சூடேறி வேகம் தானாக இறங்கும். காலையில் ஓடிய டைம்லைன் மத்தியானம் திக்கினால் முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள்.

லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, அதற்குள் கிராபிக்ஸ் என்ற இடத்தில் ரிசால்வுக்கு 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று கொடுங்கள். என்விடியா கார்டு என்றால் கேம் ரெடி டிரைவருக்குப் பதிலாக ஸ்டுடியோ டிரைவரைப் போடுங்கள்.

ரிசால்வின் ப்ரிஃபரன்ஸில் சிஸ்டம் பகுதியில் 'டிகோட் ஆப்ஷன்ஸ்' இருக்கும். ஹார்டுவேர் டிகோடிங் சம்பந்தமான பெட்டிகளை டிக் செய்யுங்கள். விண்டோஸில் இந்த விஷயத்தில் இலவசப் பதிப்புக்கும் கட்டண ஸ்டுடியோ பதிப்புக்கும் வித்தியாசம் உண்டு. வீடியோ டிகோட் வரைபடம் அசைகிறதா என்று பார்த்தே உங்கள் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரீமியரில் இதே விஷயம் ப்ரிஃபரன்ஸ், மீடியா என்ற இடத்தில் இருக்கிறது.

அப்புறம் பிளேபேக் மெனுவில் 'டைம்லைன் பிளேபேக் ரெசல்யூஷன்' என்பதை 'ஹாஃப்' அல்லது 'குவார்ட்டர்' ஆக்குங்கள். பழைய பதிப்புகளில் இது 'டைம்லைன் பிராக்சி மோடு' என்ற பெயரில் இருந்தது. பிரீமியரில் புரோகிராம் மானிட்டருக்குக் கீழே 1/2, 1/4 என்று இருக்கும். இது கலர், எஃபெக்ட், பல லேயர் எல்லாவற்றின் கனத்தையும் குறைக்கும். கோடெக் சிக்கலுக்கு இது அவ்வளவாக உதவாது. ஃபைலை முழுதாகப் பிரித்த பிறகுதானே சின்னதாக்க முடியும்? இதைப் போட்டும் மாற்றமே இல்லையென்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

இன்னொரு வழி, டைம்லைனையே 1080-இல் வைத்து எடிட் செய்துவிட்டு, முடிந்ததும் புராஜெக்ட் செட்டிங்ஸில் 4கேவுக்கு மாற்றுவது. ரிசால்வ் இதை அழகாகத் தாங்கும். டைட்டில்களின் இடத்தை மட்டும் மாற்றிய பிறகு ஒருமுறை சரிபாருங்கள். ஆனால் ஃபிரேம் ரேட்டை அப்படி மாற்ற முடியாது. டைம்லைனில் கிளிப் விழுந்துவிட்டால் புராஜெக்ட்டின் ஃபிரேம் ரேட் பூட்டிக்கொள்ளும். எனவே 25-ஆ 30-ஆ என்பதை முதல் கிளிப்பை இழுக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

நான்காவது: பிராக்சி

உண்மையில் ஒரே ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டால் போதும் என்றால் இதைத்தான் சொல்வேன். அசல் கிளிப் ஒவ்வொன்றுக்கும் சின்ன அளவில், எளிதில் பிரியும் கோடெக்கில் ஒரு நகல் செய்துகொள்கிறோம். எடிட் முழுக்க நகலில். கடைசியில் வீடியோ வெளியே வரும்போது அசலிலிருந்து வரும். தரத்தில் ஒரு துளி குறையாது. சினிமா எடிட்டிங்கில் காலங்காலமாக நடப்பதும் இதுதான்; பெரிய கேமராவின் ஃபைலைப் பெரும்பாலும் நேரடியாக மேஜைக்குக் கொண்டுவருவதில்லை. "நல்ல சிஸ்டம் வெச்சிருக்கவங்களுக்கு பிராக்சி தேவையில்லை" என்கிற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ரிசால்வில் செய்யும் முறை:

முதலில் புராஜெக்ட் செட்டிங்ஸ், மாஸ்டர் செட்டிங்ஸ் போய்க் கீழே இறங்குங்கள். பிராக்சி மீடியா ரெசல்யூஷன் என்ற இடத்தில் 'ஹாஃப்' கொடுங்கள். 4கே பாதியானால் 1080 ஆகிவிடும். ரொம்பப் பழைய லேப்டாப் என்றால் 'குவார்ட்டர்'. ஃபார்மட்டில் விண்டோஸ் என்றால் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி, மேக் என்றால் புரோரெஸ் பிராக்சி. எச்.264 என்ற தேர்வும் இருக்கும், ஃபைல் சின்னதாக வரும், ஆனால் எந்த நோயிலிருந்து தப்பிக்கிறோமோ அதே நோய் அதில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

அதே பக்கத்தில் 'வொர்க்கிங் ஃபோல்டர்ஸ்' பகுதியில் பிராக்சி எங்கே சேர வேண்டும் என்பதைக் காட்டுங்கள். இதைப் பார்க்காமல் விட்டால் எல்லாம் சி டிரைவில் போய் விழுந்து, பாதியில் இடமில்லை என்று நிற்கும்.

பிறகு மீடியா பூலில் (கிளிப்கள் வந்து சேரும் இடம்) எல்லா கிளிப்பையும் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, 'ஜெனரேட் பிராக்சி மீடியா'. அவ்வளவுதான். காபி குடிக்கும் நேரத்தில் முடியாது. கல்யாண வேலை என்றால் இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். ரிசால்வோடு கூடவே வரும் 'பிளாக்மேஜிக் பிராக்சி ஜெனரேட்டர்' என்ற தனி ஆப்பும் இருக்கிறது. ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால் அதில் விழும் ஃபைலுக்கெல்லாம் தானாகவே பிராக்சி செய்துகொண்டிருக்கும். ரிசால்வைத் திறந்து வைத்திருக்கத் தேவையில்லை.

இடக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1080 அளவு டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி அல்லது புரோரெஸ் பிராக்சி, ஒரு மணி நேரத்துக்கு ஃபிரேம் ரேட்டைப் பொறுத்து 16-லிருந்து 20 ஜிபி ஆகும். ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டும் சேர்த்து எல்லா கேமராவிலும் ஆறு மணி நேரம் புட்டேஜ் என்றால் 100-லிருந்து 120 ஜிபி. அசல், 100 மெகாபிட் கணக்கில், 270 ஜிபி. இரண்டுக்கும் இடம் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

செய்து முடித்ததும் பிளேபேக் மெனுவில் 'பிராக்சி ஹேண்ட்லிங்' போய் 'ப்ரிஃபர் பிராக்சீஸ்' தேர்ந்தெடுங்கள். இப்போது ஜே விசையைத் தட்டிப் பின்னோக்கி ஓட்டிப் பாருங்கள்.

எல்லாம் பிராக்சியிலேயே பார்க்கக்கூடாது. ஃபோகஸ் விழுந்திருக்கிறதா, இருட்டில் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) எவ்வளவு, க்ரீன்மேட் (பச்சைத் திரை) வெட்டு சுத்தமாக வந்திருக்கிறதா என்பதையெல்லாம் 'ப்ரிஃபர் கேமரா ஒரிஜினல்ஸ்'-க்கு மாற்றித்தான் தீர்மானிக்க வேண்டும். பாதி அளவு நகலில் எல்லா முகமும் ஷார்ப்பாகத்தான் தெரியும். மணப்பெண்ணின் கண் அவுட் ஆஃப் ஃபோகஸ் என்பது டிவியில் போட்ட பிறகு தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிரீமியரில் இம்போர்ட் செய்யும்போதே 'இன்ஜெஸ்ட்' வழியாகவோ, பின்னால் ரைட் கிளிக், 'பிராக்சி', 'கிரியேட் பிராக்சீஸ்' வழியாகவோ செய்யலாம். புரோகிராம் மானிட்டரின் கூட்டல் குறியைத் தட்டி 'டாகிள் பிராக்சீஸ்' பொத்தானை வெளியே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது நீலமாக இருந்தால் பிராக்சியில் ஓடுகிறது. கெடென்லைவில் புராஜெக்ட் செட்டிங்ஸில் பிராக்சி என்று தனிப் பகுதியே இருக்கிறது.

ஐந்தாவது: ரெண்டர் கேச்

வெறும் கிளிப் நன்றாக ஓடுகிறது, எஃபெக்ட் போட்ட இடத்தில் மட்டும் நிற்கிறது என்றால் பிராக்சி பாதிதான் உதவும். பிளேபேக் மெனுவில் 'ரெண்டர் கேச்' போய் 'ஸ்மார்ட்' கொடுங்கள். நீங்கள் கையை எடுத்துச் சும்மா இருக்கும் நொடிகளில் ரிசால்வ் கனமான பகுதிகளை முன்கூட்டியே ரெண்டர் செய்து (கணக்கிட்டுச் சேமித்து) வைத்துக்கொள்ளும். டைம்லைனுக்கு மேலே சிவப்புக் கோடு மெல்ல நீலமாக மாறுவதைப் பார்க்கலாம். நீலமான இடம் தடையில்லாமல் ஓடும். அந்தக் கிளிப்பின் கலரைத் தொட்டால் மறுபடி சிவப்பாகும். அதனால் எடிட் ஓரளவு முடிந்த பிறகு போடுவதுதான் நல்லது.

பிரீமியரில் சிவப்புக் கோடு உள்ள பகுதியின் தொடக்கத்தில் இன், முடிவில் அவுட் என்று குறி வைத்து 'ரெண்டர் இன் டு அவுட்' செய்தால் பச்சையாகும்.

கனமானவை எவை என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: நாய்ஸ் ரிடக்ஷன் (ரிசால்வில் ஸ்டுடியோ பதிப்பில் மட்டும்), ஃப்யூஷன் (ரிசால்வுக்குள்ளேயே இருக்கும் எஃபெக்ட் பகுதி) டைட்டில்கள், ஆப்டிக்கல் ஃப்ளோ (நடு ஃபிரேம்களைக் கணித்து நிரப்பும் முறை) வைத்த ஸ்லோ மோஷன், பெரிய ப்ளர், முகத்தை மெருகேற்றும் எஃபெக்ட்கள். இவற்றைக் கடைசியில் போடுங்கள். வெட்டு முடியும் முன்பே கலர் செய்ய உட்கார்ந்துவிடுவது புதியவர்களின் பழக்கம், அதைவிட மெஷினை வதைக்கும் பழக்கம் இல்லை. கலர் போட்ட பிறகும் வெட்ட வேண்டி வந்தால், வியூவருக்கு மேலே கலரையும் ஃப்யூஷனையும் தற்காலிகமாக அணைக்கும் பொத்தான் இருக்கிறது. அணைத்துவிட்டு வெட்டுங்கள்.

கலர் பக்கத்தில் ஸ்கோப்புகள் (நிறத்தையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடங்கள்) திறந்திருந்தால் அவையும் ஜிபியுவைத் தின்னும். பார்க்காதபோது மூடிவிடுங்கள்.

டிஸ்க் விஷயம்

மெமரி கார்டிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ நேரடியாக எடிட் செய்யாதீர்கள். காப்பி செய்து, கார்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிடுங்கள். யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகிய டிரைவ் நொடிக்கு 30, 40 எம்பிதான் தரும். அதே டிரைவை யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகினாலே சில சமயம் கதை முடிந்துவிடும். போர்ட்டுக்குள் நீல நிறம் இருந்தால் பெரும்பாலும் அது யுஎஸ்பி 3.

பழைய சுழலும் ஹார்டுடிஸ்க் நொடிக்கு 100, 150 எம்பி தரும். 12.5 எம்பி கேட்கும் கேமரா ஃபைலுக்கு அது போதுமே என்று தோன்றும். ஒற்றை கிளிப்பை நேராக ஓட்டினால் போதும்தான். மூன்று கேமராவின் படத்தையும் ஒருசேர ஓட்டும் மல்டிகேமில் ஊசி ஒரே சமயத்தில் மூன்று இடத்துக்கு ஓட வேண்டியிருப்பதால் வேகம் சரிந்துவிடும். எஸ்எஸ்டியில் ஊசியே கிடையாது. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 500 எம்பிக்கு மேல் தரும், என்விஎம்இ அதைப்போலப் பல மடங்கு. அசல் புட்டேஜ் ஹார்டுடிஸ்க்கில் இருக்கட்டும், பிராக்சியும் கேச்சும் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். குறைந்த செலவில் இதுதான் சரியான பங்கீடு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆர்வத்தில் எல்லாவற்றையும் முழு 4கேவில் புரோரெஸ் 422 எச்க்யூவாக மாற்றிவிட்டால், 30 ஃபிரேமில் நொடிக்கு 110 எம்பி, மணிக்கு 400 ஜிபி. சிபியு மூச்சு விடும், ஹார்டுடிஸ்க் மாட்டிக்கொள்ளும். திக்கல் அப்படியே இருக்கும், காரணம் மட்டும் மாறியிருக்கும்.

டெஸ்க்டாப் ஃபோல்டரில் புட்டேஜை வைத்திருந்தால் ஒன்டிரைவ் அதை கிளவுடுக்கு (இணையச் சேமிப்புக்கு) ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டிஸ்க்கின் வேகமும் நெட்டும் ஒருசேர அதில் வீணாகும்.

மொபைலில் எடுத்த கிளிப்

மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மோடு 'வேரியபிள்' என்று இருந்தால் அது தனிப் பிரச்சினை. மொபைல்களும் ஸ்கிரீன் ரெக்கார்டர்களும் வெளிச்சத்துக்கும் சுமைக்கும் ஏற்ப ஃபிரேம் ரேட்டை மாற்றிக்கொண்டே போகும். டைம்லைனில் திக்குவதோடு, உதட்டசைவும் குரலும் போகப் போக விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' தேர்ந்தெடுத்து, ஃபிரேம் ரேட்டை உங்கள் டைம்லைனுடையதாகவே வைத்து மாற்றிவிட்டு, அப்புறம் உள்ளே கொண்டுவாருங்கள். இது பிராக்சி செய்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

இதெல்லாம் செய்தும் வாங்க வேண்டியிருந்தால்

ரேமைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்ட்: 1 ஆஃப் 2' என்று இருந்தால், இன்னொரு ஸ்டிக் போடுவது நீங்கள் செய்யக்கூடிய மலிவான மேம்பாடு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒற்றை ஸ்டிக்கிலிருந்து இரட்டை ஸ்டிக்குக்குப் போனாலே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் கிராபிக்ஸும் அதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ரிசால்வுக்கு 16 ஜிபி அடிப்படை, ஃப்யூஷன் நிறையப் பயன்படுத்தினால் 32.

அடுத்தது எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டு மூன்றாவதுதான். "ஜிபியு மெமரி இஸ் ஃபுல்" என்ற செய்தி அடிக்கடி வந்தால் மட்டும் அது முதலிடத்துக்கு வரும். அப்போதும் கார்டின் வேகத்தைவிட அதில் எத்தனை ஜிபி மெமரி என்பதைப் பாருங்கள். 4கே கலர் வேலைக்கு 4 ஜிபி இழுபறிதான், 8 இருந்தால் நிம்மதி.

10 பிட் 4:2:2 எடுக்கும் பழக்கம் உள்ளவர் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்தால் ஒரு எச்சரிக்கை. இன்டெல் சிபியுவில் பெயர்க் கடைசியில் எஃப் என்று முடியும் மாடல்கள் இரண்டாயிரம், மூவாயிரம் குறைவாகக் கிடைக்கும். அவற்றில் உள்ளமை கிராபிக்ஸ் இல்லை, கூடவே வரும் வீடியோ டிகோடரும் இல்லை. "எப்படியும் தனி கார்டு போடப்போறீங்க, எஃப் போதும் சார்" என்று கடைக்காரர் சொல்வார். கேம் விளையாடுகிறவருக்கு அது சரியான ஆலோசனை. உங்களுக்கு அல்ல.

கேமராவிலேயே தீர்க்கும் வழியும் உண்டு. சோனியில் எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ என்று ஒரு தேர்வு இருந்தால், அதில் ஒவ்வொரு ஃபிரேமும் தனியாக நிற்கும். ஆனால் 4கே 30-க்கு நொடிக்கு 300 மெகாபிட், மணிக்கு 135 ஜிபி. முழுநாள் கல்யாணத்துக்கு இது கட்டுப்படியாகாது. பத்து நிமிடக் குறும்படத்துக்கோ பாட்டுக்கோ தாராளமாக வைக்கலாம்.

எக்ஸ்போர்ட், அப்புறம் சுத்தம்

ரிசால்வின் டெலிவர் (எக்ஸ்போர்ட் செய்யும்) பக்கத்தில் வீடியோவின் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' திறந்து 'யூஸ் பிராக்சி மீடியா' டிக் ஆகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வழக்கமாக டிக் இல்லாமல்தான் இருக்கும்; ஆனால் ஒருமுறை அவசரத்துக்குப் பிரிவியூ காப்பி எடுக்க டிக் செய்தவர்கள் அதை எடுக்க மறந்துவிடுவார்கள். அசல் புட்டேஜ் இருக்கும் டிரைவ் செருகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிராக்சி இருப்பதால் டைம்லைன் அசலே இல்லாமலும் ஓடிக்கொண்டிருக்கும், எக்ஸ்போர்ட்டில்தான் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாக வந்து நிற்கும். முழுதாக ரெண்டர் போடும் முன் நடுவில் ஒரு பத்து நொடியை மட்டும் ரெண்டர் செய்து, மீடியாஇன்ஃபோவில் அளவையும், திரையில் ஷார்ப்பையும் பார்த்துவிடுங்கள்.

வேலை ஒப்படைத்து, வாடிக்கையாளரின் கரெக்ஷன் எல்லாம் முடிந்த பிறகு பிளேபேக் மெனுவில் 'டிலீட் ரெண்டர் கேச்' போய் 'ஆல்' கொடுங்கள். பிராக்சி ஃபோல்டரையும் அழித்துவிடலாம், அசல் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் திரும்பச் செய்துகொள்ளலாம். எஸ்எஸ்டி வழிய வழிய நிரம்பினால் எழுதும் வேகம் குறையும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். புராஜெக்ட்டை மட்டும் 'எக்ஸ்போர்ட் புராஜெக்ட்' செய்து அசல் புட்டேஜோடு அதே ஹார்டுடிஸ்க்கில் வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து "அந்தப் பாட்டை மட்டும் மாத்திக் குடுங்க தம்பி" என்று ஃபோன் வரும்போது தேவைப்படும்.